மூன்று சாலை, நானூற்றைம்பது கட்டை

…நடக்கவும் தெரியவில்லை இவளுக்கு, சரி, தெரியாதவற்றின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான், வேர் புடைத்த இடத்தில் குதிகாலை ஊன்றுகிறாள், சேறு வழுக்கும் இடத்தில் நுனிக்காலில் நாட்டியம் ஆடுகிறாள், திரும்பிப் பார்க்காமலே சொல்வேன், இதோ இப்போது முள்பனையைப் பிடிக்கப்போகிறாள், பிடித்துவிட்டாள், "ஆ" என்கிறாள். கிளம்பும்போதே சொன்னேன், எதையாவது பிடிக்கணும்னு தோணுச்சுன்னா ஒன் கையையே பிடிச்சுக்க தாயே என்று. தலையாட்டினாள். நல்லாத் தலையாட்டுவாள், அதில் குறையே சொல்ல முடியாது, போன மழைக்காலத்திலும் இப்படித்தான் பள்ளிக்கூடக் கொட்டகையில் பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டித் தலையாட்டி எழுதினாள், எலொயீஸா, தெற்கே குரிச்சிபாவிலிருந்து வந்த கணக்கெடுப்புக்காரி, எழுதிய கையோடு படகேறிப் போனாள், அவள் எழுதியது எங்கள் தலையில் விடிந்தது. இப்போது என் சாலையைக் கண்ணால் பார்க்க வந்திருக்கிறாளாம். பாரம்மா, நன்றாகப் பார், தார் எங்கே போட்டிருக்கிறது, மைல்கல் எங்கே நட்டிருக்கிறது என்று தேடிப் பார்.

சாலை என்றால் சாலைதான், வேறென்ன சொல்வது, இந்த ஆக்ரே காட்டில் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கிற எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் இரண்டு சாலை, மூன்று சாலை என்றுதான் சொல்வார்கள், ஒரு பால்மரத்திலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, ஒற்றை ஆள் நடக்கிற அகலத்தில் சுற்றிச் சுற்றிப் போய்க் கடைசியில் கிளம்பிய வாய்க்கே வந்து சேர்கிற தடம். பால்மரத்தை நாங்கள் கட்டை என்போம், நெட்டுக்குத்தாக உயிரோடு நின்றாலும் கட்டைதான், கீறிப் பால் எடுப்பது வெட்டு, கீறுகிற கத்தி ஆட்டுக்குட்டி, ஏன் ஆட்டுக்குட்டி என்று என்னிடம் கேட்டால், உன்னை ஏன் எலொயீஸா என்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். இதெல்லாம் இங்கே மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியும். இவள் படிவத்தில் என்ன இருந்தது? சாலைகள் மூன்று. கட்டைகள் நானூற்றைம்பது. வெட்டு, தினசரி. கால்நடை, ஆட்டுக்குட்டி ஒன்று. தலைநகரில் யாரோ ஒருவன் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறான், ஓகோ, மூன்று சாலை போட்டுத் தினமும் மரம் வெட்டிக் கடத்துகிற ஊர், பொழுதுபோக்குக்கு ஆடும் வளர்க்கிறார்கள், இவர்களுக்கு எதற்கு மருத்துவப் படகு, லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்று… சாலை வசதி உள்ள குடியிருப்பு என்று எங்கள் ஊர் தெஸ்கான்ஸோவின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டான். நாளை மறுநாள் படகு ஆற்றுமுகத்தைத் தாண்டும். திருத்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இன்று சாயங்காலத்துக்குள் ரேடியோவில் சொன்னால்தான் நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலம்தான்.

அடுத்த மழைக்காலம் வரை என் வீட்டுக்காரன் ஜெனேசியோவின் மூக்கு இருக்குமா… இந்தா, இந்தக் கட்டை, பழைய ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போடு, ஆட்டுக்குட்டியைச் சாய்த்துப் பிடி, இழு, ஒரே இழுப்பு, பால் கோட்டோடு ஓடி வருகிறது, தகரக் கிண்ணத்தைச் செருகு, நட. என் வீட்டுக்காரனைப் போல ஒரு மடையனை இந்த ஆற்றின் இரண்டு கரையிலும் தேடினாலும் கிடைக்காது. ஜூன் மாதம் கெண்டைக்காலில் கொசுக்கடி மாதிரி வந்தது, கொடும்புண், விட்டால் மூக்குக்கு ஏறித் தின்கிற புண் என்று பார்த்தவுடனே சொன்னேன், ஓரம் தடித்து, நடுவே குழிந்து, வலிக்காமல் அரிக்காமல் வளர்கிற புண் வேறென்ன, அவன் புகையிலைச் சாம்பலை அப்பினான், மர எண்ணெய் ஊற்றினான், யாரோ சொன்னான் என்று தோட்டா மருந்தைக்கூடத் தூவினான், இப்போது மூக்கின் உள்ளே அடைக்கிறது, பொருக்குத் தட்டுகிறது, "ஜலதோசந்தான்டி" என்கிறான். இரண்டு மாதமாக விடாத ஜலதோசம். இருபது நாள் ஊசி, விடாமல் போட வேண்டும், அந்த ஊசி படகில்தான் வரும், படகுக்காரர்கள் மருந்தை இறக்கிவிட்டுப் போனால் எங்கள் சங்கத் தலைவன் வல்தெசீரின் மனைவிக்குப் போடத் தெரியும். ஆற்றுவழியே பட்டணத்துக்குப் போகலாம் வாய்யா என்று அழுதுகூடப் பார்த்தேன், நான், அழுதேன்… "படகு வரட்டும்" என்றான். மேட்டு வீட்டு மனுவேலுக்கு இதே புண்ணில் மூக்குத்தண்டு போய் முகம் கிளி மாதிரி ஆகிவிட்டது, பேசினால் காற்றுத்தான் வருகிறது, அவனைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

"அம்மா, இதுக்குப் பேரு என்ன?" என்று பின்னாலிருந்து கேட்கிறாள். எதற்கு? தரையிலிருந்து சுவர் சுவராய் எழும்பி நிற்கிற வேருக்கு. பலகைவேர் என்கிறேன், வழி தவறினால் ஆட்டுக்குட்டியின் பிடியால் அதில் ஓங்கித் தட்டு, அரை நாள் நடை தூரம் கேட்கும் என்கிறேன், அரை நாள் என்பது கொஞ்சம் ஜாஸ்தி, போகட்டும், எழுதிக்கொள்கிறாள். கையில் அந்தப் புத்தகம் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் என்னிடம் இருநூற்றுப் பன்னிரண்டு காட்டுச்சொற்களை வாங்கிக்கொண்டு போய் அச்சடித்த புத்தகம், முதல் பக்கத்தில் என் படம், கண்ணை மூடியிருக்கும்போது எடுத்துவிட்டார்கள், கீழே சொன்னவர் அல்தெனோரா என்று. பள்ளிக்கூடத்தில் ஒரு பிரதி கயிற்றில் தொங்குகிறது. அதைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்டிருக்கலாம் இல்லையா, நூற்று மூன்றாவது சொல் சாலை, நூற்று நான்கு கட்டை, ஊருக்கெல்லாம் விளக்கம் போட்டிருக்கிறது, இவள் எழுதிவிட்டுப் பிறகு படிக்கிற ரகம். காட்டுச்சொல்லில் அல்தெனோராவிடம் பிழை கண்டவன் இன்னும் பிறக்கவில்லை, இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது, யார் கேட்கவந்தாலும் என்னிடம்தான் கூட்டிவருகிறார்கள், பிறகு அவர்களே முதுகுக்குப் பின்னால் "வாத்தியாரம்மா வந்துட்டாப்பா" என்று உதட்டைச் சுழிக்கிறார்கள், சுழிக்கட்டும், நாலு சொல் உருப்படியாகத் தெரியாதவர்கள்.

நேற்று சங்கக் கூட்டத்தில் அந்த வல்தெசீர், தலைவர் என்று இதுகளே கைதூக்கி உட்காரவைத்த வல்தெசீர், திருத்தப் படிவத்தை ஏதோ வேதப்புத்தகம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். இரண்டு கட்டம் இருக்கிறது, ஒன்று "கேட்டவர் பிழை", இன்னொன்று "சொன்னவர் பிழை", எதில் குறி போட்டாலும் படகு வரும், சொன்னவள் கையெழுத்துத்தான் முக்கியம். "இதுல யோசிக்க என்னக்கா இருக்கு, அந்தப் புள்ள தப்புன்னு போடுங்க. அவளுக்கு ஏற்கெனவே ரெண்டு தப்பு ஏறியிருக்காம், இது மூணாவது. மூணானா வேலைய விட்டு வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம். அது அவ தலையெழுத்து. ஒங்க பேரு எதுக்குக் கெடணும்?" எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மாடு தலையாட்டுகிற மாதிரி. என் பேர்மேல் இதுகளுக்குத் திடீரென்று எத்தனை அக்கறை, சொன்னவர் பிழை என்று போனால் சங்கப் பலகையில் பெயரோடு எழுதி ஒட்டுவார்கள், அதைப் படித்துப் படித்துச் சிரிக்கிற முதல் ஆள் இந்த வல்தெசீராகத்தான் இருப்பான். நானும் ஆமாம் என்றேன். பின்னே? சாலை என்றேன், சரி. கட்டை என்றேன், சரி. வெட்டு என்றேன், சரி. ஆட்டுக்குட்டி, சரி. ஒரு சொல் தவறா? புரியாதவள் பிழை என் பிழை ஆகுமா? அதற்கப்புறம் அவள் இன்னொன்று கேட்டாள், அது ஒன்றுமில்லை, அதை விடு.

எறும்பு ஏறிவிட்டது போல, காலை உதறுகிறாள், உதறினால் போகாது பெண்ணே, நசுக்கு. அழுதாலும் அழுவாள். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "எத்தனை கட்டை ஆச்சும்மா?" என்று கேட்கிறாள், கட்டை என்று சரியாகவே சொல்கிறாள். எண்பத்தொன்பது. "நான் ஒண்ணு வெட்டிப் பாக்கவா?" அதுதானே, வந்தவர்களெல்லாம் ஒன்று வெட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் இவள் படக்கருவியை எடுக்கவில்லை, கையைத்தான் நீட்டுகிறாள், முள் குத்திய கை. கொடுத்தேன். பட்டைக்கும் உள்ளே இருக்கிற மரத்துக்கும் நடுவே நகக்கண் அளவுதான் இடம், அதற்குமேல் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முண்டுகட்டிப் போகும், பிறகு எத்தனை வருஷம் ஆனாலும் அங்கே ஒழுங்காகப் பால் வராது, இதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை, பார்ப்போமே, எத்தனை ஆழம் போகிறாள் என்று பார்ப்போமே, போய்ச் சிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்… கத்தியை வைத்தாள், அழுத்தப்போனவள் சட்டென்று நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஆழமாப் போனா இதுக்கு வலிக்குமாம்மா? எவ்வளவு போகலாம்னு மொதல்ல சொல்லுங்க, கெடுத்துரப் போறேன்." அந்தக் கத்தியை ஏன் அவ்வளவு வேகமாகப் பிடுங்கினேன் என்று தெரியவில்லை. "வேணாம், நேரமாச்சு" என்று நானே வெட்டினேன். உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டது. முப்பது வருஷத்தில் எத்தனை முறை தொட்டிருக்கிறேன், விரல் விட்டு எண்ணிவிடலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது. கீறலில் இலையை ஒட்டி மறைத்துவிட்டு நடந்தேன்.

போய்ச் சிக்கட்டும்… அன்றைக்கும் இதையேதான் நினைத்தேன். அந்தக் கொட்டகையில், தகரக் கூரைமேல் மழை, பன்னிரண்டு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், இவள் மூன்று சாலை என்று எழுதினாள், எழுதும்போதே எனக்குத் தெரியும், இவள் தார்ச்சாலையை எழுதுகிறாள் என்று தெரியும், நானூற்றைம்பது கட்டை என்றபோது அவள் புருவம் ஏறியது, ஆட்டுக்குட்டி என்றபோது "ஒண்ணுதானா, பாவம்" என்றாள், வல்தெசீர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான், நான் நிறுத்தியிருக்கலாம், ஏம்மா, இது வேற சாலை என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், முதுகுக்குப் பின்னால் உதட்டைச் சுழிப்பவர்கள் அத்தனை பேரும், ஒருநாளாவது என் பக்கம் நின்று, என்னோடு சேர்ந்து சிரிக்கக் காத்துக்கொண்டு. அப்போதுதான் அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்து, "சாலையில வண்டி போகுமாம்மா?" என்று கேட்டாள். அவளுக்கே சந்தேகம் வந்து, சரிபார்க்கத்தான் கேட்டாள். நான் சொன்னேன், "போகாம? விடிஞ்சும் விடியாம நம்ம லாரி கெளம்பிரும். மழைன்னா மட்டும் லீவு." லாரி என்றால் ஜெனேசியோ, பால்மூட்டையோடு அவன் மேடேறி வருகிறபோது மூச்சு வாங்குவது லாரி மாதிரி இருக்கும் என்று நான் வைத்த பெயர், ஊரே கூப்பிடுகிறது. கொட்டகை இடிகிற மாதிரி சிரித்தார்கள். ஜெனேசியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமல், காது மடல் சிவக்க, சிரித்துக்கொண்டே எழுதினாள். அத்தனை நன்றாக இருந்தது அந்த நிமிஷம், வீட்டுக்கு வந்து இரவு முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தோம், அவன் காலில் அப்போது புண் கிடையாது.

சாலை திரும்பிவிட்டது, வெளிச்சம் தெரிகிறது, வாய்க்கு வந்தாயிற்று. அவள் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து படிவத்தை எடுத்து முழங்காலில் விரித்தாள். கால் முழுக்கத் திட்டுத்திட்டாய் வீங்கியிருக்கிறது, சொரியாமல் இருக்கிறாள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ, விரலால் தொட்டுக் காட்டினாள். கேட்டவர் பிழை என்ற கட்டத்தில் முன்னாலேயே குறி போட்டிருந்தது. பென்சிலில். பேனா வைத்திருக்கிறவள் ஏன் பென்சிலில் போட்டாள் என்று யோசிப்பதற்குள் அவளே குனிந்தபடி பேசினாள். "லாரி பத்தி நீங்க சொன்னத இந்தத் திருத்தத்துல எழுதலம்மா. அது விளையாட்டுக்குச் சொன்னதோன்னு எனக்கு அன்னைக்கே சந்தேகந்தான். திருப்பிக் கேட்டிருக்கணும். எல்லாரும் சிரிச்சாங்களா… கேக்க வெக்கமாப் போச்சு. தப்பு என்னுதுதான்." அவ்வளவுதான் சொன்னாள். குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன், இருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் ஒன்று திருப்பிக் கொடுத்து, கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பேன். இல்லை. வெக்கமாப் போச்சு என்கிறாள். வெட்கப்பட்டதால்தான் கேட்கவில்லை, கேட்காததால்தான் லாரி போய்த் தலைநகரில் நின்றது. அப்படியானால்… ஆனால் ஒரு சொல் தவறா? என் சொற்களில் ஒன்று, ஒன்றாவது?

பென்சிலை வாங்கினேன். அதன் பின்முனையில் துளியூண்டு ரப்பர், யார் காட்டில் யார் வெட்டிய பாலோ, அதை வைத்து அவள் போட்ட குறியைத் தேய்த்தேன், சுலபமாகப் போய்விட்டது, அவள் ஏதோ சொல்ல வந்தாள், சும்மா இரு என்றேன். பக்கத்துக் கட்டத்தில் குறி போட்டேன், சொன்னவர் பிழை. அதன் கீழே ஒரு கோடு, கோட்டின் தலையில் அச்சடித்திருக்கிறது, தவறாகச் சொன்ன சொல் எது என்று. பேனாவை எடுத்துக் கோட்டில் ஊன்றினேன். சாலை, அது சரி. கட்டை, சரி. வெட்டு. ஆட்டுக்குட்டி. லாரியும்கூடச் சரிதான், அங்கே இருந்த பன்னிரண்டு பேருக்கும் லாரி யார் என்று தெரியும், அவள் ஒருத்தியைத் தவிர. இருநூற்றுப் பன்னிரண்டு சொல்லையும் வரிசையாகப் புரட்டிப் பார்க்கிறேன், எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றைக்கூட இந்தக் கோட்டில் எழுத முடியாது. அப்போது வீட்டுப் பக்கத்திலிருந்து வல்தெசீரின் குரல், சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறான் போலிருக்கிறது, தூரத்திலிருந்தே கத்துகிறான், "வழி விடுங்கப்பா, லாரி வருது, லாரி!" அவன் பின்னால் காபிக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு ஜெனேசியோ, ஒரு காலை இழுத்து இழுத்து, நான் சிரிப்பேன் என்று, என்னைச் சிரிக்கவைப்பதற்காகவே, ஹாரன் அடிக்கிறான். "பாம்… பாம்…" அடைத்த மூக்கால் அடிக்கிறான், சத்தம் பாதிதான் வருகிறது, மீதி காற்றாகப் போகிறது. வல்தெசீர் சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை, அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள். ஊன்றின இடத்தில் மை ஊறிப் பெரிய பொட்டாகிக்கொண்டு வருகிறது, எந்தச் சொல், அல்தெனோரா, எந்தச் சொல்லைத்தான் எழுதப்போகிறாய்…